கடைசி கார் வெளியே வந்த பிறகு: மறைமலை நகர் ஃபோர்டு ஆலையின் கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)

இந்த எபிசோடை பட்டினச்சேரியில இருந்து பதிவு பண்றேன். காரைக்கால்ல, திருமலைராயன்பட்டினத்தை ஒட்டி இருக்கிற மீனவர் ஊர். நடுநடுவுல காத்து சத்தம் கேட்டா கொஞ்சம் பொறுத்துக்குங்க.

இன்னைக்குப் பேசப்போறது கார் கம்பெனி பத்தி. கடற்கரையில உக்காந்துக்கிட்டு கார் கம்பெனி கதையான்னு கேப்பீங்க. காரணம் இருக்கு. இந்தப் பக்கத்துல ஐடிஐயோ டிப்ளமாவோ முடிக்கிற பசங்க நிறைய பேர் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், மறைமலை நகர்னுதான் பஸ் ஏறுறாங்க. கடல் தொழில் வேணாம், மாசம் பொறந்தா சம்பளம் வரணும்னு அப்பா அம்மாவே அனுப்புறாங்க. 2004 டிசம்பர் 26-க்கு அப்புறம் இந்தக் கரையில அந்த எண்ணம் இன்னும் கெட்டியாச்சு. கடலை நம்ப முடியாது, கம்பெனியை நம்பலாம்.

நம்பலாமா? அதுதான் இன்னைக்கு கேள்வி. ஒரு கார் மாடலுக்கு வயசாகி, அதோட சேர்த்து ஒரு ஆலையே மூடப்படும்போது உள்ளே என்ன நடக்குது? யாருக்கு முன்னாடியே தெரியும்? யாருக்கு என்ன கிடைக்கும்?

நமக்குப் பக்கத்துலயே நடந்த கதையை எடுத்துக்குவோம். மறைமலை நகர் ஃபோர்டு ஆலை. கார், இகோஸ்போர்ட்.

ஒரு கார் எப்படி கிழவனாச்சு

முதல்ல கொஞ்சம் வரலாறு. தாராளமயத்துக்குப் பிறகு, 1995-ல மஹிந்திராவோட கூட்டு சேர்ந்து ஃபோர்டு இந்தியாவுக்கு வந்தது. முதல் கார் எஸ்கார்ட். சென்னைக்குத் தெற்கே ஜிஎஸ்டி ரோட்டுல மறைமலை நகர்ல ஆலை வந்தது. 1999-ல ஐகான் வந்து பெயர் வாங்கிக் கொடுத்தது. 2010-ல ஃபிகோ. அதுக்கப்புறம் 2013 ஜூன்ல இகோஸ்போர்ட்.

இகோஸ்போர்ட் வந்தப்ப ஆரம்ப விலை 5 லட்சத்து 59 ஆயிரம் ரூபாய். பார்க்க எஸ்யூவி மாதிரி உயரம், ஆனா நீளம் 4 மீட்டருக்குள்ள. இந்த 4 மீட்டர் கணக்கு முக்கியம். அதுக்குள்ள இருந்தா, எஞ்சின் அளவும் குறிப்பிட்ட வரம்புக்குள்ள இருந்தா, நம்ம நாட்டுல வரி குறைவு. சின்ன கார் வரியில பெரிய கார் தோற்றம். ஜனங்க வரிசையில நின்னாங்க. காத்திருப்புப் பட்டியல் மாசக்கணக்குல போச்சு.

இங்கதான் சிக்கலே. ஒரு இடத்துல மீன் அகப்பட்டா மறுநாள் எல்லா போட்டும் அங்கதான் நிக்கும். இந்த ஊர்ல யாருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2016-ல மாருதி பிரெஸ்ஸா வந்தது. 2017-ல டாடா நெக்ஸான். 2019-ல மஹிந்திரா எக்ஸ்யூவி300, ஹூண்டாய் வென்யூ. 2020-ல கியா சோனெட். எல்லாமே 4 மீட்டருக்குள்ள.

அந்த நேரத்துல இகோஸ்போர்ட் என்ன செஞ்சது? 2017 கடைசியில முகத்தை மாத்துனாங்க. உள்ள டேஷ்போர்டை மாத்துனாங்க. ஆனா அடிப்படை உடம்பு பழசுதான். அந்த உடம்பை 2012 ஜனவரியில டெல்லி ஆட்டோ எக்ஸ்போவுலயே காட்டிட்டாங்க. முழுசா புது தலைமுறை இகோஸ்போர்ட் வரவே இல்லை.

இதை நல்லா கவனிங்க. ஒரு காருக்கு வயசாகறது அசெம்பிளி லைன்ல நடக்கிற விஷயம் இல்ல. லைன்ல நிக்கிற தொழிலாளி அதே தரத்துல போல்ட் முடுக்கிக்கிட்டுதான் இருக்கார். மறைமலை நகர்ல செஞ்ச இகோஸ்போர்ட் 2018-ல இருந்து அமெரிக்காவுலயே விற்றது. கை சுத்தம், வேலை சுத்தம். வயசாகறது வேற எங்கயோ, ஏதோ ஒரு கூட்டத்துல, "அடுத்த மாடலுக்குப் பணம் போடப் போறதில்லை"ன்னு முடிவு பண்ற நிமிஷத்துல.

ஏன் பணம் போடல? புது மாடல்னா பிரஸ் ஷாப்புக்குப் புது அச்சுகள் வேணும். பாடி ஷாப்ல வெல்டிங் ஏற்பாடு முழுக்க மாத்தணும். உதிரிபாகம் கொடுக்கிற கம்பெனிகளும் தங்கள் பங்குக்கு அச்சு போடணும். இதெல்லாம் முதல் கார் விக்கிறதுக்கு முன்னாடியே செலவழிச்சுட வேண்டிய பணம். லட்சக்கணக்கான கார் வித்தாத்தான் அது திரும்ப வரும். ஃபோர்டோட இந்தியச் சந்தைப் பங்கு அப்போ 2 சதவீதத்துக்கும் கீழ. 2015-ல குஜராத் சானந்துல 100 கோடி டாலர் போட்டு இன்னொரு ஆலையும் கட்டியிருந்தாங்க. ரெண்டு ஆலையும் சேர்ந்தா வருஷத்துக்கு 4 லட்சத்துக்கும் மேல கார் செய்யலாம். உண்மையில ஓடினது அதுல ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான்.

பத்துப் பேர் ஏறுற போட்டுல ரெண்டு பேர் போனாலும் டீசல் அதே டீசல்தான். அந்தக் கணக்குதான்.

அறிகுறி எப்பவே வந்தாச்சு

2019 அக்டோபர்ல ஃபோர்டு மறுபடியும் மஹிந்திராவோட கைகோக்கப் போறதா அறிவிச்சது. மஹிந்திராவுக்கு 51 சதவீதம். புது மாடல்களைச் சேர்ந்து உருவாக்கலாம்னு திட்டம். அதாவது இகோஸ்போர்ட்டுக்கு அப்புறம் என்னங்கிற கேள்விக்கு அதுதான் பதில். 2020 டிசம்பர் 31-ஓட அந்த ஒப்பந்தம் கைவிடப்பட்டது.

பத்து நாள் கழிச்சு, 2021 ஜனவரி 11-ம் தேதி, ஃபோர்டு பிரேசில்ல தன் ஆலைகளை மூடுறதா அறிவிச்சது. அதுல ஒண்ணு காமசாரி. இகோஸ்போர்ட் பொறந்த வீடே பிரேசில்தான். 2003-ல முதல் தலைமுறை இகோஸ்போர்ட் வந்தது அங்கதான். பொறந்த வீட்டுலயே அடுப்பை அணைச்சுட்டா, புகுந்த வீட்டுல எத்தனை நாள் எரியும்?

2021 செப்டம்பர் 9. ஃபோர்டு இந்தியாவுல கார் தயாரிப்பை நிறுத்துறதா அறிவிப்பு. பத்து வருஷத்துல 200 கோடி டாலருக்கு மேல நஷ்டம்னு காரணம் சொன்னாங்க. சானந்துல அந்த வருஷக் கடைசிக்குள்ள, சென்னையில 2022 நடுவுக்குள்ள. ரெண்டு இடத்துலயும் சேர்த்து சுமார் 4,000 பேர் பாதிக்கப்படுவாங்கன்னு கம்பெனியே சொன்னது.

நிறைய பேர் இதை "திடீர் அறிவிப்பு"ன்னு எழுதினாங்க. தேதி வேணும்னா திடீர்னு வந்திருக்கலாம். ஆனா வரிசையா பாருங்க: புது தலைமுறை வரல, கூட்டு முறிஞ்சது, தாய் ஆலை மூடுனது. உங்க வீட்டுல யாராவது கார் கம்பெனியில இருந்தா, இப்ப என்ன மாடல் நல்லா ஓடுதுன்னு கேக்காதீங்க. அடுத்த மாடலுக்கு அச்சு வந்துடுச்சான்னு கேளுங்க. சம்பள உயர்வைவிட அந்தக் கேள்விக்கு வர்ற பதில்தான் வேலையோட ஆயுசைச் சொல்லும்.

அம்பாசடரும் இதே மாதிரிதானா?

ஒரு பழைய கதையோட ஒப்பிட்டுப் பார்ப்போம். அம்பாசடர். மேற்கு வங்கம் உத்தரபாராவுல ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் செஞ்ச கார். இங்கிலாந்தோட மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டை அடிப்படையா வெச்சு 1957-ல ஆரம்பிச்சாங்க. 2014 மே 24-ம் தேதி ஆலையில வேலை நிறுத்திவைக்கப்படுறதா அறிவிப்பு ஒட்டுனாங்க. சுமார் 2,500 தொழிலாளர்கள். 1980-கள்ல வருஷத்துக்கு 24,000 கார் வரைக்கும் செஞ்ச இடம், கடைசி நிதியாண்டுல 2,200 கார் அளவுக்கு இறங்கியிருந்தது. மூணு வருஷம் கழிச்சு அந்தப் பெயரை மட்டும் 80 கோடி ரூபாய்க்கு பிரான்ஸோட பெஜோ குழுமம் வாங்கிட்டுப் போச்சு.

நம்ம ஊர்லயும் ஒண்ணு இருந்தது. சென்னை வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ். ஹெரால்டு கார் செஞ்சாங்க. கடைசியா ஸ்டாண்டர்டு 2000. அது எடுபடல. 1980-கள் முடியறதுக்குள்ள கார் தயாரிப்பு நின்னுபோச்சு. இன்னைக்கு அந்த ரோட்டுல போறவங்கள்ல எத்தனை பேருக்கு அது தெரியும்?

அம்பாசடருக்கு வயசானது போட்டியே இல்லாததால. வாங்க ஆள் வரிசையில நிக்கும்போது கம்பெனி எதுக்கு மாறணும்? 1983-ல மாருதி 800 வந்த பிறகுதான் தூக்கம் கலைஞ்சது. இகோஸ்போர்ட்டுக்கு வயசானது நேர் எதிர்க் காரணத்தால. போட்டி அதிகமாகி, போட்டி போடப் பணம் போட வேண்டாம்னு முதலாளி முடிவெடுத்ததால. ரெண்டு காரணமும் வேற வேற. ஆனா ரெண்டுலயும் அந்த முடிவுல தொழிலாளிக்குப் பங்கே இல்லை. விலை கொடுத்தது மட்டும் அவர்.

கடைசி கார்தான் கடைசிப் பிடி

இப்ப, நான் ரொம்ப முக்கியம்னு நினைக்கிற பகுதிக்கு வர்றேன்.

ஆலை மூடுறதுக்குச் சட்டம் என்ன சொல்லுது? 1947-ம் வருஷத் தொழில் தகராறு சட்டப்படி, 100 பேருக்கு மேல வேலை செய்யற ஆலையை மூடணும்னா அரசோட முன் அனுமதி வேணும். மூடினா இழப்பீடு, முடிச்ச ஒவ்வொரு வருஷ வேலைக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம். 20 வருஷம் வேலை செஞ்சவருக்கு 300 நாள் சம்பளம். பத்து மாசத்துக் காசு. பொண்ணு பத்தாவது படிக்கும், வீட்டுக் கடன் இன்னும் எட்டு வருஷம் இருக்கும், கையில பத்து மாசத்துக் காசு.

அதனாலதான் பேச்சுவார்த்தை முக்கியம். சட்டம் சொல்றது குறைந்தபட்சம் மட்டும்தான். மறைமலை நகர்ல சுமார் 2,600 நிரந்தரத் தொழிலாளர்கள் இருந்தாங்க. மாசக்கணக்குல பேச்சு இழுத்துக்கிட்டே போச்சு. 2022 மே கடைசியில தொழிலாளர்கள் வேலையை நிறுத்திட்டு ஆலைக்குள்ளயே போராட்டத்துல உக்காந்தாங்க. ஜூன் நடுவுல, திரும்பி வந்து உற்பத்தியை முடிச்சுக் கொடுத்தா ஒவ்வொரு வருஷ வேலைக்கும் சராசரியா 115 நாள் மொத்தச் சம்பளம் தர்றோம்னு கம்பெனி சொன்னது. தொழிலாளர்கள் கேட்டது அதைவிட ரொம்ப அதிகம்.

இந்த 115-ஐ அந்த 15-ஓட வெச்சுப் பாருங்க. அதே 20 வருஷக்காரருக்கு 2,300 நாள் சம்பளம். ஆறு வருஷத்துக்கும் மேல. பத்து மாசம் எங்க, ஆறு வருஷம் எங்க!

இந்த வித்தியாசம் எங்க இருந்து வந்தது? கம்பெனியோட நல்ல மனசுல இருந்து மட்டும் வந்துடல. முதல் காரணம், மூட அரசு அனுமதி வேணுங்கிற சட்டம். தொழிலாளர்களோட ஒப்பந்தம் போட்டுட்டா மூடறது சுலபம். ரெண்டாவது காரணம், ஏற்றுமதிக்குச் செஞ்சு முடிக்க வேண்டிய இகோஸ்போர்ட்கள் இன்னும் பாக்கி இருந்தது. அந்த பாக்கி கார்கள்தான் தொழிலாளர்களோட கையில இருந்த கடைசிப் பிடி. ஜூலையில கடைசி இகோஸ்போர்ட் லைனை விட்டு வெளியே வந்துடுச்சு. அதுக்கப்புறம் வேலைநிறுத்தம்னு சொல்ல, நிறுத்த வேலையே இல்ல.

அதனால, ஆலை மூடுதுன்னு அறிவிச்சா பேசற நேரம் கடைசி நாள் இல்ல. கடைசி ஆர்டருக்கு முந்தின நாள். கேக்க கொடூரமா இருக்கும். அடுத்த மாசம் இல்லாம போகப்போற காரை ஒழுங்கா செஞ்சு கொடுக்கணும், அதே காரை வெச்சுத்தான் பேரமும் பேசணும்.

இன்னொரு விஷயம். அனுமதி வேணுங்கிற அந்த 100 பேர் வரம்பு இப்ப 300 ஆகிடுச்சு. தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21-ல இருந்து நடைமுறைக்கு வந்திருக்கு. ஃபோர்டு மாதிரி பெரிய ஆலைக்கு இதனால மாற்றம் இல்ல. 150 பேர், 250 பேர் வேலை செய்யற உதிரிபாகக் கம்பெனிக்கு மாற்றம் உண்டு. நம்ம பசங்க அதிகமா இருக்கிறது எங்க? அங்கதான்.

பட்டியல்ல இல்லாதவங்க

மூடுற செய்தியில வர்ற எண்ணிக்கை எப்பவும் நிரந்தரத் தொழிலாளர்களோட எண்ணிக்கைதான். ஒப்பந்தத் தொழிலாளி அதுல இல்ல. பயிற்சிக்கு வந்த பையன் இல்ல. சீட் உறை தைக்கிற, ஒயர் கட்டு முடையிற, பிளாஸ்டிக் பம்பர் வார்க்கிற கம்பெனிகள்ல இருந்தவங்க இல்ல. கேன்டீன்ல சாம்பார் ஊத்துனவங்க, ஷிஃப்ட் பஸ் ஓட்டுனவங்க, ஆலையைச் சுத்தி ரூம் வாடகைக்கு விட்டவங்க இல்ல. அவங்களுக்கு 115 நாளும் இல்ல, 15 நாளும் இல்ல. "நாளையில இருந்து வர வேண்டாம்"னு ஒரு போன்.

இந்த ஊர்ல வருஷத்துக்கு 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது. கஷ்டம்தான். ஆனா அதுக்கு ஒரு தேதி இருக்கு. ஜூன் 15-க்குக் கடல் திறக்கும்னு தெரியும். அதை வெச்சுக் கடன் வாங்கலாம், வலை பின்னலாம், போட்டுக்கு பெயிண்ட் அடிக்கலாம். ஆலை மூடினவருக்குத் திறக்கிற தேதி கிடையாது. 40 வயசுக்காரர் அடுத்த கம்பெனியில போய் நின்னா 22 வயசுப் பையனோட சம்பளத்துக்குத்தான் கூப்பிடுவாங்க. அவர் கையில இருக்கிற 15 வருஷ அனுபவத்தை யாரும் எடைபோட்டு வாங்க மாட்டாங்க.

கட்டடத்துக்கு மறுபிறவி உண்டு

சானந்துக்கும் சென்னைக்கும் நடந்தது ஒண்ணு இல்லைங்கிறதையும் சொல்லணும். சானந்து கார் ஆலையை டாடாவோட மின்சார வாகன நிறுவனம் 725 கோடியே 70 லட்சம் ரூபாய்க்கு வாங்குச்சு. 2023 ஜனவரி 10-ல கைமாறியது. தகுதியுள்ள எல்லா ஊழியர்களுக்கும் டாடா வேலை கொடுக்கும்னு ஒப்பந்தத்துலயே எழுதியிருந்தது. பிரேசில் காமசாரியில இன்னைக்கு சீனாவோட பிஒய்டி இருக்கு.

சென்னையில வேற மாதிரி. கடைசி கார் வந்தப்ப வாங்க ஆள் இல்ல. தொழிலாளர்கள் பணத்தை வாங்கிட்டுக் கலைஞ்சாங்க. 2024 செப்டம்பர்ல, முதலமைச்சர் ஸ்டாலின் அமெரிக்கா போயிருந்த சமயத்துல, ஆலையை ஏற்றுமதிக்காகத் திரும்பப் பயன்படுத்த விரும்புறதா ஃபோர்டு அரசுக்குக் கடிதம் கொடுத்தது. 2025 அக்டோபர் கடைசியில ஒப்பந்தம் போட்டாங்க. 3,250 கோடி ரூபாய் முதலீடு, வருஷத்துக்கு 2 லட்சத்து 35 ஆயிரம் எஞ்சின், 2029-ல உற்பத்தி. நல்ல செய்தி, சந்தேகமே இல்ல. ஆனா வேலைவாய்ப்பு? 600-க்கும் மேலன்னு சொல்றாங்க. 2,600 பேர் கார் செஞ்ச இடம். நடுவுல ஏழு வருஷம்.

இங்க ஃபைபர் போட்டு உடைஞ்சா எஞ்சினைக் கழட்டி வேற போட்டுல மாட்டுவாங்க. போட்டு போனாலும் எஞ்சினுக்கு வேலை உண்டு. போட்டுல இருந்த ஆளுக்கும் வேற போட்டுல இடம் கிடைக்கும், ஊருக்குள்ள ஆளைத் தெரியுமில்லையா. ஆலையில கட்டடத்துக்கும் நிலத்துக்கும் எஞ்சினுக்கும் மறுபிறவி கிடைக்குது. ஆளை ஞாபகம் வெச்சுக்கத்தான் யாரும் இல்ல.

எனக்கு ஒரு யோசனை தோணுது. அரசு நிலம் கொடுத்து, வரிச் சலுகை கொடுத்து கம்பெனியை அழைக்கிறப்ப, வரும்போது எத்தனை பேருக்கு வேலைங்கிறதை மட்டும் எழுதி வாங்குறோம். போகும்போது என்ன செய்வீங்கன்னும் எழுதி வாங்கலாமே? ஆலை கைமாறினா பழைய தொழிலாளிக்கு முன்னுரிமை. ஒப்பந்தத் தொழிலாளிக்கும் ஒரு குறைந்தபட்சத் தொகை. அடுத்த மாடல் வராதுன்னு கம்பெனிக்கு உறுதியானதும் இத்தனை மாசத்துக்கு முன்னாடி தொழிலாளிக்குச் சொல்லணும்னு ஒரு விதி. கல்யாணத்துலயே பிரிவைப் பத்திப் பேசலாமான்னு கேப்பீங்க. சானந்துல வேலைக்கு உத்தரவாதம் ஒப்பந்தத்துல எழுதியிருந்தது, அதனால கிடைச்சது. எழுதினாத்தான் கிடைக்கும்.

இன்னைக்கு பெட்ரோல் வண்டிக்கு உதிரிபாகம் செய்யற எத்தனையோ கம்பெனிகள் சென்னையைச் சுத்தி இருக்கு. சைலன்சர், பிஸ்டன், எரிபொருள் பம்ப். மின்சார வண்டியில இதுல எதுவும் கிடையாது. அடுத்ததா வயசாகப்போறது ஒரு மாடல் மட்டும் இல்ல, ஒரு வகை வண்டியே. அதனால இந்தக் கேள்வி 2022-ஓட முடிஞ்ச கேள்வி இல்ல.

உங்க அண்ணனோ, சித்தப்பாவோ, ஹாஸ்டல் நண்பனோ அந்த மாதிரி ஒரு கம்பெனியில இருந்தா, இந்த வாரம் ஒரு போன் போடுங்க. ரெண்டு விஷயம் கேளுங்க: நீ செய்யற பாகம் அடுத்து எந்த வண்டிக்குப் போகுது? உன் பேர் யாரோட சம்பளப் பட்டியல்ல இருக்கு, கம்பெனியோடதா, கான்ட்ராக்டரோடதா? பதில் தெரியலைன்னா, தெரிஞ்சுக்கச் சொல்லுங்க. என்ன பதில் வந்ததுன்னு எங்களுக்கும் எழுதுங்க, பேர் போடாம அடுத்த எபிசோடுல பேசுவோம்.